மிக்ஸரில் ஒட்டிய பொட்டுகள்

வன்னியம்பட்டி சிவனாண்டியிடமிருந்து போன் வந்தபோது செல்வலட்சுமி மில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து ராஜபாளையம் திரும்புகிற பஸ். சிவனாண்டி அந்த ஊர் அம்மன் கோயில் பொங்கல் கமிட்டியின் தலைவர். ஒன்பது வருஷமாகப் பங்குனிப் பொங்கலுக்கு அங்கே கச்சேரி செய்வது செல்வலட்சுமியின் பூந்தென்றல் இன்னிசைக் குழுதான்.

"இந்த வருசம் ஆர்கெஸ்ட்ரா வேணாம்னு கமிட்டில பேசிட்டோம் தாயி. லேப்டாப்புல ட்ராக்கப் போட்டுவிட்டு ரெண்டு பேரு பாடுறாகல்ல, அவியளச் சொல்லிருக்கோம். தப்பா நெனச்சுக்கிராத."

ஸ்பீக்கரில் போடாமலே அவர் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. யாரும் திரும்பவில்லை. மில் ஆட்களின் போன் எல்லாமே அப்படித்தான் அலறும். டிரைவர் மட்டும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார்.

செல்வலட்சுமிக்கு நாற்பத்தேழு வயது. நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங் பகுதியில் இருபத்தைந்து வருஷ வேலை. குழுவில் அவள் சேர்ந்தது பாடுவதற்காக. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு தொண்டை மக்கர் பண்ணி, மேல் ஸ்தாயிக்குப் போனால் கரகரக்க ஆரம்பித்தது. மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகமா அவள்? மேடைக்கு எதிரே, ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பெட்டிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். வரிசையாக இருக்கும் குமிழ்களை மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து சுற்றுவட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. "செல்வலட்சுமி காது பாம்புக் காது" என்று குழுவில் பெருமையாகச் சொல்வார்கள். அவளும் இல்லை என்று சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வன்னியம்பட்டிக் கச்சேரி களைகட்டியதும் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, புல்லாங்குழலின் குமிழ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவாள். அடுத்த வருஷத்துக்கு அது அடையாளமாம். அதே ஊர், அதே மைதானம், அதே ஸ்பீக்கர் பெட்டிகள். இப்படி ஒன்பது பொட்டுகள் சேர்ந்திருந்தன.

ஒரு காலத்தில் வத்திராயிருப்பு, செட்டியார்பட்டி என்று அவர்களுக்கு அழைப்பு வராத ஊர் இல்லை. ஒவ்வொன்றாக நழுவிப் போய் கடைசியில் வன்னியம்பட்டி மட்டும் மிச்சம். அதுவும் போனால் ட்ரம்ஸை விற்றுவிடப் போவதாக, அதை வாசிக்கிற வீரணன் சொல்லியிருந்தான். ட்ரம்ஸ் இல்லாத குழுவில் மற்றவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? ஒன்பது பேர் வார விடுமுறையைத் தியாகம் செய்து கட்டிக் காத்த குழு அத்தோடு முடிந்துவிடும்.

செல்வலட்சுமி விடவில்லை. மறுநாளே வன்னியம்பட்டிக்குப் போய் சிவனாண்டி வீட்டு வாசலில் நின்றாள். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் முன்னால் வாதாடினாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால், திருவிழாவை ஊருக்கு அறிவித்துச் சாமி சாட்டுகிற அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டட்டும். ஊர் சரியென்றால் பொங்கலன்று அவர்கள், இல்லாவிட்டால் ட்ராக்.

"சனம் என்ன சொல்லுதோ அதான் தாயி. நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாது."

திரும்பும் வழியெல்லாம் அவள் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டே வந்தாள். மெஷினை வைத்துக்கொண்டு மனுஷர் வயிற்றில் அடிக்கிறார்களே என்று அவளுக்குப் பொருமியது. லேப்டாப் பாவம், அதன் மேல் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

அந்த வாரம் மில்லில் மருத்துவ முகாம். பிரஷர், சுகர் பார்த்த பிறகு வேனுக்குள் கூட்டிப்போய் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். செல்வலட்சுமி கண்ணை மூடி, கச்சேரிக்கு உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு முறை கேட்டது, அழுத்தினாள். பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. மெஷின் ரிப்பேர் போல என்று கண்ணைத் திறந்தால், எதிரே இருந்த பெண் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"கேக்கவே இல்லையாம்மா?"

"நீ போட்டாத்தானம்மா கேக்கும்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினாள். கோடு பாதிவரை நேராக வந்து, பிறகு மலைச்சரிவில் உருண்டதுபோல் கீழே விழுந்திருந்தது. உயர்ந்த ஒலிகள் பெரும்பாலும் போய்விட்டன, அது திரும்ப வராது, இனிமேலாவது காதடைப்பானை மாட்டிக்கொண்டு வேலை பாருங்கள் என்று நிதானமாகச் சொன்னாள். மில்லில் கொடுத்த காதடைப்பான் செல்வலட்சுமியின் டிபன் பையில் உறை பிரிக்காமல் கிடந்தது.

மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. குரல் போனபோது ஊருக்கே தெரிந்தது. காது போனது அவளுக்கே தெரியவில்லை. நான்காம் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து மிக்ஸரை இழுத்து, மேலே மூடியிருந்த பழைய சேலையை விலக்கினாள். ஒன்பது பொட்டும் கண்ணில் பட்டன. முதல் வருஷத்துச் சிவப்புப் பொட்டு நடுக்கோட்டுக்கும் கீழே. அதற்கு மேலே மெரூன். அதற்கும் மேலே பச்சை. போன வருஷத்துக் கறுப்புப் பொட்டு விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.

குழல் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று வருஷத்துக்கு வருஷம் ஏற்றியிருக்கிறாள். குழலை ஏற்றினால் கீபோர்டு அமுங்கும், அதையும் ஏற்றியிருக்கிறாள். பூந்தென்றல் என்று பேர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜனங்களின் காதைக் கிழித்திருக்கிறார்கள்!

நேராக பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் அசீனா வீட்டுக்குப் போனாள். குழுவில் தபேலா வாசிக்கிற பீர் முகமது மில்லில் எலக்ட்ரீஷியன். அசீனா அவர் மனைவி, வீட்டிலேயே தையல். மில்லுக்குள் கால் வைத்ததில்லை. எல்லாக் கச்சேரிக்கும் தவறாமல் வருவாள்.

"அசீனா, உண்மையச் சொல்லு. நம்ம கச்சேரில சத்தம் எம்புட்டு இருக்கும்?"

அசீனா கையிலிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைத்தாள். "யக்கா, நீங்க வருத்தப்படப் பிடாது."

"சொல்லு."

"நான் பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் உக்காருவேன். நான் மட்டுமில்ல, முன்னால உக்காருத பொம்பளைய அம்புட்டுப் பேரும். நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறாள். பனிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். பங்குனி வெயிலில் என்ன பனி? அதை நினைத்ததும் செல்வலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அசீனா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அந்தத் தாளையும் மிக்ஸரையும் எல்லார் முன்னாலும் வைத்தாள். வீரணன்தான் முதலில் துள்ளினான்.

"அதெல்லாம் சும்மாக்கா. கச்சேரின்னா நெஞ்சு அதிரணும்லா? சத்தம் இல்லாட்டி அது என்ன கச்சேரி?"

"ஏலே, உங்க வீட்டு டிவிய எத்தனைல வைக்க?"

வீரணன் வீட்டு டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை சண்டைக்கு வந்தது எல்லாருக்கும் தெரியும். பீர் முகமது தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது பேரில் எட்டுப் பேர் மில் ஆட்கள். ஒரே இரைச்சலில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள், ஒருவருக்கொருவர் சரியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மீதி ஒருவரான கீபோர்டு பாலகணேஷ் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று வாசிக்கிறவர், அவருக்கு முன்பக்கத்து நிலவரம் தெரியாது.

"பொறவு யாரு மிக்ஸர்ல உக்காருறது?" என்றார் பீர் முகமது.

"நான்தான். கை என்னோடது, காது அசீனாவோடது."

மில்லில் மெஷின் ஓடும்போது வாயால் பேச முடியாது. எல்லாம் சைகைதான். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் வேகத்தைக் குறை. மேலே தூக்கினால் கூட்டு. முஷ்டியை மூடி நெஞ்சில் வைத்தால் சரி, ஓடட்டும். இருபத்தைந்து வருஷமாக அவள் பேசுகிற பாஷை அது. அசீனாவுக்கு ஒரே மதியத்தில் வந்துவிட்டது. குழலுக்கு வாயருகே விரல், தபேலாவுக்கு மடியில் தட்டு என்று வாத்தியங்களுக்கு அவளே சைகை உண்டாக்கிக்கொண்டாள்.

சாமி சாட்டின அன்று வெயில் தாழ்ந்ததும் கச்சேரி ஆரம்பித்தது. மைதானத்தில் ஜனங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில், தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று மஞ்சள் துப்பட்டா போட்டுக்கொண்டு அசீனா உட்கார்ந்தாள். முதல் பாட்டிலேயே உள்ளங்கை கீழே அழுத்தியது. செல்வலட்சுமி குறைத்தாள். மறுபடி அழுத்தியது. குறைத்தாள். வாயருகே விரல் வைத்து மறுபடியும் அழுத்தியது.

அவளுக்குக் குழல் கேட்பது அடியோடு நின்றுபோயிற்று. மேடையில் குழல் வாசிக்கிற மாரிச்சாமியின் விரல்கள் துளைகள் மேல் ஓடுவது தெரிகிறது, உதடு குவிவது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. வீரணன் ட்ரம்ஸிலிருந்து அவளைப் பார்த்து விழித்தான். போச்சு, எல்லாம் போச்சு, இன்றோடு மூட்டை கட்டவேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. கை தன்னால் குமிழை மேலே தள்ளப் போனது. அசீனா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து முஷ்டியை நெஞ்சில் அழுத்திக் காட்டினாள். சரி, ஓடட்டும்.

செல்வலட்சுமி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

மூன்றாவது பாட்டில் முன்வரிசையில் ஒரு பெண் காதிலிருந்து பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்தாள். பக்கத்தில் இருந்தவளும் எடுத்தாள். ஒன்பது வருஷமாக ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் ஓர் ஈ காக்கை உட்கார்ந்ததில்லை. இன்று நாலைந்து குடும்பம் பாயை விரித்துவிட்டது. மாரிச்சாமி தனியாக வாசிக்கிற இடம் வந்தபோது கூட்டத்தில் பேச்சு நின்றது. பால் கறந்துவிட்டு வந்த ஓர் ஆள் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். மாரிச்சாமி அப்படி என்ன வாசிக்கிறார் என்று அந்த மைதானத்தில் தெரியாத ஒரே ஆள் செல்வலட்சுமிதான். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

சிவனாண்டி பக்கத்தில் வந்து குனிந்தார். மில் பழக்கத்தில் அவர் உதட்டைப் பார்த்தாள்.

"மாரிச்சாமி இம்புட்டு நல்லா வாசிப்பானா? இத்தன வருசமா எங்களுக்குத் தெரியாமப் போச்சே தாயி. பொங்கலன்னைக்கு நீங்களே வந்துருங்க."

அவள் தலையை ஆட்டினாள். மேடையிலிருந்து வீரணன் என்னவாம் என்று புருவத்தை உயர்த்தினான். செல்வலட்சுமி முஷ்டியை மூடி நெஞ்சில் வைத்துக் காட்டினாள். பிறகு நெற்றியிலிருந்து பொட்டை எடுத்து, முதல் வருஷத்துச் சிவப்புப் பொட்டுக்கும் கீழே, குழலின் குமிழ் நின்ற இடத்தில் ஒட்டினாள்.