நடுக்காவிரித் திட்டின் விளக்கு

இன்று மருந்துக் கடையில் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்ததும், இப்போது அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் எங்கள் நடுக்காவிரித் திட்டும், அங்கே அந்தியில் அம்மா கல்தூண்மேல் ஏற்றும் விளக்கும் நினைவுக்கு வந்தன. பாறைகள் இருந்த பக்கம் மட்டும் விளக்கைத் தகரத்தால் மறைத்திருந்தார்கள்; பரிசலில் வருபவருக்கு வெளிச்சம் தெரியாவிட்டால், பாறையை நெருங்கிவிட்டார் என்று பொருள்.

ஆடி வெள்ளத்தில் ஒருநாள், இருட்டும் நேரத்தில், பரிசல் ஓட்டிவந்த அப்பாவின் குரல் கேட்டது.

"வெளக்குத் தெரியல புள்ளே!"

"பாறைக்கிட்டப் போய்ட்டீங்க! மேக்கால தள்ளுங்க!" என்று அம்மா கத்தினாள்.

தண்ணீரின் இரைச்சலுக்கு நடுவே திரி பொரிவது மட்டும் கேட்க, எண்ணெய் பிசுபிசுத்த அம்மாவின் விரல்கள் என் தோளை இறுக்கின.

"தெரியுது, தெரியுது! கஞ்சி ஆச்சா?"

அம்மா திரியை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டாள்.