எமன் வராத வீடு

“…எல்லாரு வீட்டுக்கும் போறீய, எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்கீய?” என்று கேட்டாள் என் அக்காள் மகள். கேட்டது எமனிடம். பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்காத வயது. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முக்கு. தசரா நேரத்து வெயில். இரண்டு பக்கமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உடம்பெல்லாம் கருநீலம் பூசி, தலையில் கொம்பு வைத்த கிரீடமும், காதுவரை ஓடும் மீசையுமாக எமன் நின்றிருந்தார். அவர் கையிலிருந்து தரையில் புரண்ட பாசக்கயிற்றின் நுனியை இவள் பிடித்திருந்தாள். பக்கத்தில் குரங்கு வேஷத்தில் நான். யாரோ கொடுத்த வாழைப்பழம் வாயில் இருந்தது. அதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அந்த எமன் அவளுடைய அப்பா. அது எனக்குத் தெரியும், எங்கள் வேஷக்காரர் செட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் குலசை அம்மனுக்கு வேஷம் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். விரதம் இருந்து, காப்புக் கட்டி, ஏதாவது ஒரு வேஷத்தைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகக் காணிக்கை கேட்டு, கிடைத்ததைக் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். என்ன வேஷம் என்பது அவரவர் இஷ்டம். எங்கள் செட்டை நடத்திய அண்ணாச்சி வேஷ சாமான்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். காளி வேஷத்துக்கு விரதம் கடுமை, பேச்சு நடை எல்லாமே கட்டுப்பாடு. கரடி என்றால் வெயிலில் வெந்து போவோம். போலீசுக்கு நல்ல தொப்பை வேண்டும். முதல் தடவை வருகிறவன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முழிக்கும்போது அண்ணாச்சி சொல்வார்: “மொத வேசத்தைப் பாத்து எடுக்கணும்வே. அடுத்த வருசம் துணிய மாத்திரலாம். ஊரு வாயில விழுந்த பேரை எவன் மாத்துவான்?” சும்மா சொல்லவில்லை. ஒரே ஒரு வருஷம் போலீஸ் வேஷம் போட்ட வடை வியாபாரியை ரேஷன் கடை வரிசையில் கடைசிவரை ‘ஏட்டையா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் குரங்கை எடுத்தேன். செலவில்லாத வேஷம், பழக்கடையில் கை வைத்தாலும் திட்ட மாட்டார்கள். அதன் பலனாக, எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் பாட்டனார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நம்ம கொரங்கா?” என்று வாஞ்சையோடு கேட்டார்.

இதெல்லாம் இப்போது ஏன் வருகிறது என்றால், போன மாதம் மருமகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் என்று சொல்வது இந்த அக்காள் மகளைத்தான். அவளுடைய சின்ன மகள் போனில் ஏதோ விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். எங்கெங்கோ ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து விளையாடுவதாம். உள்ளே விடுவதற்கு முன்னால் நீ யார் என்று கேட்கிறது. வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, வைத்தியச்சி என்று ஒவ்வொரு உருவமாகத் திரும்பித் திரும்பிக் காட்டுகிறது. “எதை எடுக்கட்டும் தாத்தா? எடுத்துட்டா மாத்த முடியாதாம்” என்றாள். அண்ணாச்சியின் குரல் எனக்குக் காதுக்குள் கேட்டது. “பாத்து எடுட்டி” என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “மாமா, அது வெறும் கேமு” என்றாள்.

எமனாக நின்ற என் அத்தானுக்குப் பூ மார்க்கெட்டில் வேலை. விடியும் முன்பே குருவிகுளம், மேலநீலிதநல்லூர் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வரும் பூவை நிறுத்துப் போட்டு, ஏலம் கூவுவார். குளித்தாலும் போகாத பிச்சிப்பூ வாசம் அவர் கையில் இருக்கும். நல்ல சிரிப்பு மனுஷன். அவருக்கும் அக்காளுக்கும் பிறந்த முதல் பிள்ளை பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. அடுத்துப் பிறந்தவள்தான் இவள். தவழ்ந்துகொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் ஏறி, கண் சொருகி, கைகால் இழுத்தது. பிறகு அது அடிக்கடி வந்தது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். கோயில் புற்றுமண்ணைக் கரைத்து நெற்றியில் பூசினார்கள். மருந்து பாதி, மண் பாதி என்று அக்காள் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அத்தான் குலசைக்கு நேர்ந்துகொண்டார்.

பெட்டி முன்னால் அவர் உட்கார்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணாச்சி ராஜா வேஷத்தை எடுத்துக் காட்டினார். “ஒமக்கு இருக்க ஒயரத்துக்கு இதுதாம்வே பொருத்தம்.” அத்தான் அதைத் தொடவே இல்லை. அடியில் கிடந்த கொம்புக் கிரீடத்தை இழுத்து எடுத்தார். யாரும் அதை எடுப்பதில்லை என்பதால் தூசி படிந்திருந்தது.

“பிள்ளைக்காக நேர்ந்துட்டு எமனை எடுக்கீரே, புத்தி கெட்டுப் போச்சா?” என்றார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, நானே எமனா இருந்தா, என் வீட்டுக்கு வேற எந்த எமன் வருவான்?”

ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு இன்ஸ்பெக்டர் இருக்க முடியாது என்பது போல அவர் அதைச் சொன்னார். எங்கள் செட்டில் ஒரு வழக்கம்: முதல் காணிக்கையைச் சொந்த வீட்டு வாசலில்தான் வாங்க வேண்டும். அண்ணாச்சி அதை ஞாபகப்படுத்தினார். “எமன் அந்த வாசலுக்குப் போக மாட்டான் அண்ணாச்சி. அதுக்குத்தான இந்த வேசமே” என்றார் அத்தான். அண்ணாச்சி, “அம்மன்கிட்ட நீரே சொல்லிக்கிடும்” என்று பெட்டியை மூடினார்.

முதல் வருஷம் நாங்கள் நுழைந்த தெருவெல்லாம் கதவு சாத்தியது. காளியை விழுந்து கும்பிட்டார்கள், கரடியிடம் பிள்ளைகளுக்கு மந்திரிக்கச் சொன்னார்கள், எனக்குப் பழம் கொடுத்தார்கள். எமனைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு உள்ளே போனார்கள். “போம் போம், இங்கன ஒமக்கு ஆள் இல்ல” என்று ஒரு கிழவர் தடியை ஆட்டினார். அத்தான் சிரித்துக்கொண்டேதான் நடந்தார். கதவுகள் சாத்தச் சாத்த அவருக்கு நம்பிக்கை கூடியது என்றுகூட நினைக்கிறேன்.

ஒரு வீட்டில் மட்டும் கதவு திறந்தது. கருப்பட்டிக் கடை வைத்திருந்த பெரியவர் வீடு. வெகுநாளாகப் படுக்கையில் கிடந்தார். அவருடைய வீட்டம்மா வெளியே வந்து, எங்களையெல்லாம் விட்டுவிட்டு, நேராக எமனைப் பார்த்தார். “ஒங்கள உள்ள வரச் சொல்லுதாவ.” அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். சாயத்துக்கு நடுவே அந்தக் கண் இரண்டும் என் அத்தானுடைய கண்ணாகவே இருந்தன. கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் இருக்கக் கூடாது என்பது வேஷக்காரனுக்குக் கட்டுப்பாடு. போனார். பின்னாலேயே நானும் போனேன்.

பெரியவர் கட்டிலில் கொடி மாதிரி கிடந்தார். மூக்கை உறிஞ்சி, “பூ வாசம் வருதே” என்றார். பிறகு கண்ணைத் திறந்து பார்த்து, “எருமையில வந்தீரா, நடந்தே வந்தீரா? ஒம்மக் காணாம கண்ணு பூத்துப் போச்சுவே” என்று சிரித்தார். கையை நீட்டினார். அத்தான் புரியாமல் நிற்க, “கயித்தைக் குடும்யா, கஞ்சப் பயலா இருக்கீரே” என்றார். அத்தான் கயிற்றைக் கொடுத்தார். அதைப் பேரப்பிள்ளையின் விரலைப் பிடிக்கிற மாதிரி அவர் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்ப வாங்குவதற்கு அத்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அந்த வாரமே பெரியவர் போய்விட்டார். அவருக்குப் போட்ட மாலைக்குப் பூ அத்தான் வேலை பார்த்த கடையிலிருந்துதான் போனது. மார்க்கெட்டில் சும்மா இருப்பார்களா? “ஆளையும் எடுக்கேரு, மாலையும் விக்கேரு. ரெட்டை வியாபாரம்வே!” அத்தான் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

பிள்ளைக்கு இழுப்பு வருவது அதற்குப் பிறகு குறைந்தது, குறைந்து, நின்றும்விட்டது. அக்காள் பாளையங்கோட்டை டாக்டரின் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நம்ம பிள்ளையத் தேடி வந்தவனை நான் அந்த வீட்டுல கொண்டு போய் விட்டுட்டேன் மாப்ளே” என்றார். நான் அதை அக்காளிடம் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியோடு வந்தாள். “அந்த மனுசன் கெடையில கெடந்து முதுகெல்லாம் புண்ணாகிப் போனாரு. மருந்து குடுத்தவரு அங்கன இருக்க, கயிறு பிடிச்சவரு இங்கன கணக்குப் பாக்காராக்கும்!” அத்தான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆனால் ராத்திரி பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பதை அவர் விடவில்லை.

விட்டுவிடலாம் என்றால் வேஷமும் அவரை விடவில்லை. மறு வருஷம் காப்புக் கட்டும் முன்பே அத்தானைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ராயகிரியிலிருந்துகூட ஒருவர் வந்தார். “எங்க அம்மை ரொம்பச் சங்கடப்படுதா. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க அண்ணாச்சி.” எல்லாரும் இதை மெதுவாக, வாசலைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். அத்தான் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் போய்விட்டு வருவார். படுத்திருந்தவர்களில் சிலர் அதன் பிறகு போய்ச் சேர்ந்தார்கள், சிலர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். குடித்தவர்களை ஊர் கணக்கில் வைக்கவில்லை, அத்தானும் வைக்கவில்லை. வேஷத்தை இறக்கி வைத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். “நான் எறங்குன எடத்துல நெசமானவன் ஏறிக்கிட்டா?” என்றார்.

தசரா நாட்களில் அவர் வீட்டுக்கு வராமல், செட்டுக்காகப் போட்ட ஓலைக் குச்சிலேயே தங்குவார். எங்கள் தெருவுக்குச் செட் வரும்போது மட்டும் முக்கிலேயே நின்றுகொள்வார், தெருவுக்கு முதுகைக் காட்டியபடி. அக்காளும் பிள்ளையை வெளியே விட மாட்டாள். வருஷங்கள் இப்படியே ஓடின. பிள்ளை சன்னல் கம்பி வழியாகக் காளியையும் கரடியையும் பார்த்து வளர்ந்தாள். தூரத்தில் முதுகைக் காட்டி நிற்கிற கறுப்பு ஆளையும் பார்த்திருக்கிறாள். அது எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் அக்காள் காணிக்கை போடக் கதவைத் திறந்தவள் தாழ்ப்பாளை மறந்துவிட்டாள். நாங்கள் முக்குக்குத் திரும்பி வந்து சேரும்போது, எங்களுக்கு முன்னால் இவள் அங்கே நிற்கிறாள், கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு. கயிறு அத்தான் கையிலும் இருந்தது, பிள்ளை கையிலும் இருந்தது. கருப்பட்டிக் கடைக்காரர் பிடித்திருந்த அதே கயிறு. தெருக்கோடியிலிருந்து அக்காள் ஓடி வருவதும் தெரிந்தது.

அத்தான் போட்ட கடைசி வேஷம் அதுதான். கிரீடத்தை அண்ணாச்சி பெட்டியில் போட்டுக்கொண்டார். கயிறு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். அது அத்தான் வீட்டு ஆணியில் தொங்கியது. அதற்குப் பிறகும் ஆட்கள் வந்து கூப்பிடத்தான் செய்தார்கள். “அவன் இப்பம் இங்கன வேலை பாக்கல” என்பார் அத்தான். சொல்லிவிட்டு, வந்தவர் தெருவைத் தாண்டும்வரை வாசலிலேயே நிற்பார். மகளைக் கட்டிக் கொடுத்து, பேத்தியைப் பார்த்து, வயதாகித்தான் போனார். கடைசியில் அவரும் படுக்கையில் நாள்கணக்காகக் கிடந்தார். கண் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். செய்த வேலைக்கு எமனுக்கே இவரைக் கூப்பிடக் கூச்சம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக வாயில் விட்டாள். அதில் ஒரு கரண்டி உள்ளே இறங்கவில்லை.

போன மாதம், அந்த போன் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மருமகளிடம் கேட்டேவிட்டேன். “அன்னைக்கு முக்குல நின்னது அப்பான்னு ஒனக்குத் தெரியுமாட்டி?”

“தெரியாது மாமா. அப்பான்னு தெரிஞ்சா எதுக்குக் கூப்புடுதேன்? அப்பா தானாவே வந்துரும்லா. எல்லா வீட்டுக்கும் போற ஆளு நம்ம வீட்டுக்கு மட்டும் வரலேன்னா நமக்குக் கேவலம்லா, அதாம் கேட்டேன்.”

அவள் மகள் அதற்குள் வைத்தியச்சியை எடுத்து உள்ளே போய்விட்டிருந்தாள்.

அன்றைக்கு எமன் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கயிற்றை விட்டாலும் அது அவளிடம் போய்விடும், இழுத்தாலும் அவள் அவரிடம் வந்துவிடுவாள். அவள் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு, கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஓடி வந்த அக்காள் வழியிலேயே நின்றுவிட்டாள். எமன் பின்னாலேயே போனார். வாசற்படிக்கு முன்னால் வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. அதற்கு மேல் நகரவில்லை. அவள் கயிற்றைப் படியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் செம்பு நிறையத் தண்ணீர். தளும்பிப் பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. “வெயில்ல வந்திருக்கீய” என்று சொல்லி, படியில் ஏறி நின்று, இரண்டு கையாலும் அதை எமனுடைய வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.