கத்தி வேண்டாம்

அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் மெஷின் ஓட்டியவருக்குக் காது பாதிதான் மிச்சம். குரல் மட்டும் முழுசாக இருந்தது. மெஷின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய வாய். சாப்பிடும்போது உப்புக் கேட்டால் எதிர்வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள்.

குரலுக்கு அடுத்தபடியாக எப்போதும் அவரோடு இருந்தது ஒரு மடக்குக்கத்தி. ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் சின்னத் திருப்புளி. காகிதக் கட்டின் கயிற்றை அறுத்ததும் அதுதான், மதியம் ஆப்பிளை நறுக்கியதும் அதுதான், மகளின் முதல் பென்சிலைச் சீவியதும் அதுதான். நடுவில் கால்சட்டையில் ஒரு துடைப்பு. அவ்வளவுதான் சுத்தம்.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மனுஷன் கத்தியை மடக்கக் கத்துக்கிட்டான், தெரியுமா?" என்று கண்டவரிடமெல்லாம் ஆரம்பிப்பார்.

"வாயை மடக்க நீங்க எப்பக் கத்துக்கப் போறீங்க?" என்பாள் மனைவி.

மகளுக்குப் பதிவுத் திருமணம். முதல்நாள் போனில் கெஞ்சினாள்: "அப்பா, நாளைக்கு அங்க வந்து கத்த வேண்டாம்பா."

அவர் காதில் விழுந்தது 'கத்தி வேண்டாம்'. முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் சரி என்றார்.

மறுநாள் கை பழக்கதோஷத்தில் அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டது. பதிவு அலுவலகப் படியேறும்போதுதான் கனம் தெரிந்தது. மகள் முன்னாலேயே மேலே போயிருந்தாள்; இவர் பக்கத்தில் மாப்பிள்ளை மட்டும்.

"மாப்ளே, இதைக் கொஞ்சம் வச்சுக்கங்க. அவகிட்ட மூச்சு விடாதீங்க!"

ரகசியம்தான். வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

இவர்கள் முறைதான் கடைசி. ஒரு மணிக்கு அலுவலகம் மூடிவிட்டால் அப்புறம் பத்து நாள் விடுமுறை. அதற்குள் மணமக்கள் வேலைக்காகக் கப்பலேறியாக வேண்டும். ஒன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிவாளர் கூப்பிட்டார். மாப்பிள்ளையைக் காணோம்.

கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். உள்கைப்பிடி கையோடு வந்துவிட்டதாம்; வெளிக்கைப்பிடி சும்மா சுற்றியது. உள்ளே காற்றாடி பேயாக இரைந்ததில், யார் என்ன சொன்னாலும் "என்னது? என்னது?" என்ற பதில்தான் வந்தது. பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மெஷின்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவில் வாயை வைத்தார்.

"மாப்ளே! கத்தியை எடுங்க! திருப்புளியை விரிங்க! கைப்பிடி இருந்த ஓட்டையில விட்டு கீழ்ப்பக்கமா திருப்புங்க!"

மாடி முழுக்க அதிர்ந்தது. பக்கத்து அறைகளிலிருந்து குமாஸ்தாக்கள் ஓடிவந்தார்கள்.

'டக்.' கதவு திறந்தது. மாப்பிள்ளை வியர்த்து வழிய நின்றார், கையில் கத்தியோடு.

"கத்தி எப்படிப்பா இவர்கிட்ட?"

"நீதானேம்மா கத்தி வேண்டாம்னு சொன்னே."

"ஐயோ அப்பா! கத்த வேண்டாம்னுதான் சொன்னேன்!"

அவள் சிரித்த சிரிப்பில் பேனா ஆடியது. அந்தப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது.

"சாட்சி யாரு?" என்றார் பதிவாளர்.

"நான்தான்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெதுவா என்று ஒருவரும் சொல்லவில்லை.