ஞாபக மாத்திரை

உள்ளங்கையில் இரும்பு வாசத்தோடு விழித்தெழுவது எனக்கு ஏழு வயதில் தொடங்கியது. பால்காரர் மணியடித்துக்கொண்டு போகும் விடியற்காலையில் கண்ணைத் திறந்தால், வலது கைக்குள் எங்கள் வீட்டுச் சாவிக்கொத்து இருக்கும். பீரோ சாவியும் மொட்டைமாடிக் கதவின் நீளச் சாவியும் அழுத்திய தடம் தோலில் சிவப்பாகத் தெரியும். நாக்கின் ஓரம் கடிபட்டு எரியும், பாய் நனைந்திருக்கும், உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலிக்கும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயைத் துடைத்துக்கொண்டே, "கெட்ட கனா கண்டு கத்துனடி, கையில இரும்பு இருந்தா எதுவும் அண்டாது" என்பாள். நான் நம்பினேன். பெற்ற அம்மா சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது?

அப்போது நாங்கள் அம்பத்தூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஒருநாள் இருவருமாக என்னைப் பட்டணத்துக்குள் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்; அங்கே தலைமுடிக்குள் பசை தடவி, ஒயர்களை ஒட்டி, கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார்கள். "உன் மூளை எவ்ளோ ஷார்ப்புன்னு பாக்குற மிஷினு" என்றாள் அம்மா. அன்றிலிருந்து காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை வந்தது. வாங்கிவந்த உடனே அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிதுக்கி எடுத்து ஒரு காலி மிட்டாய் டப்பாவில் போட்டுவிட்டு, அட்டையை அடுப்படியிலேயே கொளுத்திவிடுவாள். அதற்கு எங்கள் வீட்டில் பெயர் "ஞாபக மாத்திரை". பரீட்சை வந்தால் தெருவில் பாதி வீடுகளில் வல்லாரைக்கீரை கடையும் ஊர் அது. ஞாபகசக்திக்கு மாத்திரை என்றால் எந்தப் பிள்ளைதான் சந்தேகப்படும்? "யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுடும்" என்று அம்மா சொன்னதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். சாவிக் காலைகளும் அதன்பின் நின்றுபோயின. நான் வகுப்பில் இரண்டாவது ரேங்க் எடுத்தேன், அத்தனை புகழையும் அந்த டப்பாவுக்கே கொடுத்தேன்.

எல்லோரும் சைக்கிள் கற்றபோது எனக்கு மட்டும் கிடையாது. கிணற்றடிக்குப் போகக்கூடாது, மொட்டைமாடியில் தனியாக நிற்கக்கூடாது, குளியலறைத் தாழ்ப்பாளைப் போடக்கூடாது. கேட்டால் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி" என்ற ஒரே பதில். தாழ்ப்பாள் போடாமல் குளிப்பதற்கும் பொம்பளப் பிள்ளையாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிற புத்தி, இரண்டாவது ரேங்க் எடுத்தவளுக்கு இல்லை.

ஆறாம் வகுப்பில் என் பக்கத்து இருக்கை ஜெசிந்தாவுடையது. அவள் அம்மா தேவாலயத் தெருவில் தையல் மிஷின் வைத்திருந்தார். ஜெசிந்தா நன்றாகப் பாடுவாள், கணக்கு மட்டும் வராது; காலாண்டில் ஃபெயிலானால் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். அவள் இல்லாத வகுப்பை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. என்னிடம்தான் மாத்திரை இருக்கிறதே! காலை மாத்திரை அவளுக்கு, இரவு மாத்திரை எனக்கு என்று முடிவுசெய்தேன். அம்மா நீட்டும் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீரை மட்டும் விழுங்கிவிட்டு, தெருமுனையில் துப்பிப் பாவாடையில் துடைத்து எடுத்துப்போவேன். ஜெசிந்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு பள்ளிக் குழாய்த் தண்ணீரில் அதை விழுங்குவாள். நான்கு நாள் இப்படிப் போனது. என் வாழ்நாளில் இன்னொருவருக்காக நான் செய்த முதல் தியாகம் அது.

கணக்குப் பரீட்சையன்று முதல் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் ஜெசிந்தா மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். டீச்சர் உலுக்கினார், முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண்ணைத் திறந்து ஏதோ உளறிவிட்டு மறுபடி தூங்கினாள். ஆட்டோவில் வைத்து அவளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். முந்தின இரவு என் மாத்திரையையும் விழுங்காமல் ஒதுக்கி, மறுநாளைக்கென்று முன்கூட்டியே கொடுத்திருந்தேன்; அது அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. அதன்மேல் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்ததுமே டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் ஜெசிந்தா தெளிந்துவிட்டாள். தெளிந்ததும் என் பெயரைச் சொன்னாள்.

அவள் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றபோது தெருவில் குழாயடிக் கூட்டம் இருந்தது. "இன்னாம்மே, உன் பொண்ணு என் பொண்ணுக்கு இன்னாத்த குடுத்துகீறா தெரியுமா? வலிப்பு மாத்திரையாம் இது! டாக்டரு சொல்றாரு. இன்னும் ரெண்டு சேத்து முழுங்கியிருந்தா என் புள்ள பொழைச்சிருப்பாளா? யாருக்கு வலிப்பு உங்க ஊட்ல?"

இல்லை ஆன்ட்டி, அது ஞாபக மாத்திரை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து எல்லோர் முன்னாலும் நிறுத்தினாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "என் நாத்தனார் ஊர்லேர்ந்து வந்தப்ப வெச்சிட்டுப் போன மாத்திரைங்க அது. இவதான் எனக்குத் தெரியாம திருடிக்கிட்டுப் போயிருக்கா. கேளுடி மன்னிப்பு."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை "கேளு" என்று முதுகில் ஓர் அடி விழுந்தது. திருடியதற்காக மன்னிப்புக் கேட்டேன். என் மாத்திரையை, என் அம்மா தன் கையால் எனக்குக் கொடுத்ததை.

கூட்டம் கலைந்தபின் "வலிப்பு" என்ற சொல் மட்டும் என் காதிலேயே நின்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பு அம்பத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு மனிதர் விழுந்து கைகால் வெட்டிவெட்டி இழுக்கக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். சுற்றி நின்றவர்கள் "சாவி குடு, வலிப்புப்பா, கையில சாவி குடு" என்று கத்தியதும், யாரோ ஒரு கொத்தை அவர் கைக்குள் திணித்ததும் ஞாபகம் வந்தது. சமையலறைக்குப் போய், "எனக்கு வலிப்பாம்மா?" என்று கேட்டேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரிடம் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னதும் என் காதில் விழுந்தது: "திருட்டுன்னா சின்னப்புள்ளத்தனம்னு நாலு நாள்ல மறந்துடுவாங்க. வலிப்புன்னா இவள நாளைக்கு எவன் கட்டுவான்?"

யாரும் மறக்கவில்லை. வருடம் முழுக்க வகுப்பில் நான் "மாத்திரைத் திருடி"யாகவே இருந்தேன். ஜெசிந்தா இருக்கையை மாற்றிக்கொண்டாள். நான் வேண்டுமென்றே பொய் சொல்லி அவளுக்கு எதையோ கொடுத்ததாகத்தான் அவள் நினைத்தாள். உண்மையைச் சொல்லலாம் என்றால், எது உண்மை என்று எனக்கே யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயது முடிந்தபோது அந்தப் பெரிய டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். அன்று அம்மா சீட்டு வாங்கப் போன இடைவெளியில் நான் அவரிடம் நேராகக் கேட்டேன், அவரும் நேராகவே சொன்னார். தூக்கத்தில் வரும் இந்த வகை வலிப்பு பல பிள்ளைகளுக்கு வருவதுதான், வளர வளரப் பெரும்பாலும் தானாகவே போய்விடும். சாவிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. இவ்வளவுதான்! எங்கள் வகுப்பில் ஒரு பையன் வீசிங் வந்தால் இன்ஹேலர் பம்பை எல்லோர் முன்னாலும் எடுத்து இழுத்துக்கொள்வான், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நோய் வந்ததற்காக நான் யார்மீதும் கோபப்படவில்லை. என்னை என்னிடமிருந்தே மறைத்ததற்கும், மறைப்பதற்காக என்னைத் திருடியாக்கியதற்கும் அம்மாவை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. ஐந்து மாடி எழும்பி, தரைத்தளம் முழுக்கக் கார்கள் நிற்கின்றன. ஜெசிந்தாவின் குடும்பம் திருநின்றவூர்ப் பக்கம் மனை வாங்கிப் போனதாகச் சொன்னார்கள், தேடிப் போனேன், கண்டுபிடிக்க முடியவில்லை. என் மருத்துவக் கோப்பும் இல்லை. என் கல்யாணத்துக்கு முந்தைய போகியன்று அம்மா அதைப் பழைய பாய்களோடு சேர்த்துத் தெருவில் எரித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் மூச்சுவிடாதே என்றாள். விடவில்லை, ஏழு வருடமாக.

போன மாதம் என் நான்கு வயது மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அந்த இளம் டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு இருந்திருக்கிறதா என்று கேட்டார். நானும் என் கணவரும் வாய் திறக்குமுன், குழந்தையின் செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்ற அம்மா, "எங்க பரம்பரையிலயே கிடையாதுங்க டாக்டர்" என்றாள். அதே நடுங்காத குரல்.

"எனக்கு இருந்தது, டாக்டர்" என்றேன். "ஏழு வயசுலேர்ந்து. அஞ்சு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன்."

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். வெளியே வராந்தாவுக்கு வந்தபின் என் கணவர், தூங்கும் குழந்தையைத் தோள்மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: "இது யார் யாருக்குத் தெரியும்?"

இனியாவது அவரிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

"எங்க வீட்ல எல்லாருக்கும். உங்களுக்கு மட்டும்தான் சொல்லல" என்றேன்.