அக்கா கேட்பதை நிறுத்திய பிறகு

எனக்குக் கொடுத்த சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது என்பதை, அதைக் கொடுத்தவரிடம் நான் சொல்லத்தான் வேண்டுமா? எட்டு மாதமாக இந்தக் கேள்வியோடு எழும்பி இந்தக் கேள்வியோடு படுக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

கொடுத்தவர் என் அக்கா. ஏழு வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரே நாளில் எங்கள் இருவருக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவருக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் முறிந்து போயின. இரண்டாவதாக வந்த மாப்பிள்ளையின் தாய், எங்கள் விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டே, "ஒரு கிட்னியோட பிள்ளை பெற ஏலுமோ?" என்று அம்மாவிடம் கேட்டார். அக்கா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். எல்லாம் கேட்டிருக்கும். பிள்ளை பெற்றது நான். அவரிடமிருந்து வாங்கிய சிறுநீரகத்தோடு.

அக்கா அம்மாவோடு பக்கத்திலுள்ள பாலையூற்றில் இருக்கிறார். காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கு வருவார். இருவரும் கடற்கரை வீதியால் நடப்போம். ஊருக்குள் திரியும் மான்கள் குப்பைப் பைகளைக் கிளறிக்கொண்டு நிற்கும் நேரம் அது. திரும்பி வந்து, கூட்டுறவுச் சங்கக்கடை வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் கேட்பார்.

"என்ர ஆள் எப்பிடி?"

"நல்லா இருக்கிறார். உங்களைத்தான் விசாரிச்சவர்."

"தண்ணி வென்னி ஒழுங்காக் குடுக்கிறியோடி? உன்னை நம்பித்தானே விட்டனான்."

ஆள் என்பது அந்தச் சிறுநீரகம். இது எங்கள் பழைய பகிடி. எட்டு மாதத்துக்கு முன்வரை நானும் சிரித்தேன்.

அப்போதுதான் கிளினிக்கில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருந்தது. அடுத்த முறையும் கூடியது. உடம்பு அந்தச் சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குகிறது, ஒரு நாள் டயலிசிசுக்குப் போகவேண்டி வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். "யோசிக்காதேங்கோ. சந்தோசமா இருங்கோ. நடக்கிறதை மட்டும் விட்டுடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

வீட்டில் என் கணவருக்கு மட்டும் சொன்னேன். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். "முகத்தை உப்பிடி வச்சிருக்காதையும். பிள்ளை பாக்கிறாள்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆகவே முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டேன். நடக்கிறேன், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், மகளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்குகிறேன். காண்கிறவர்கள் எல்லாம் "உங்களைப் பாத்தால் கிட்னி வருத்தக்காரி எண்டு ஆர் சொல்லுவினம்" என்கிறார்கள். அதைப் பாராட்டென்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். எனக்கோ வாயைப் பொத்துவது போல இருக்கும்.

அக்காவிடம் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நெருக்கடிக் காலத்தில், சிறுநீரகத்தை உடம்பு விலக்காமல் இருக்க நான் நாள்தோறும் போடும் குளிசை ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. சொல்லியிருந்தால் அக்கா எப்படியாவது கொழும்புக்குப் போயிருப்பார். பஸ்சும் ஒழுங்காக ஓடாத காலம். அவரை இன்னொரு முறை எனக்காக அலைய விட மனம் வரவில்லை. இருந்த குளிசைகளைப் பாதி பாதியாக உடைத்துப் பதினாறு நாள் போட்டேன். அந்தப் பதினாறு நாளும் அக்கா "என்ர ஆள் எப்பிடி?" என்று கேட்டார். நல்லா இருக்கிறார் என்றேன்.

கிரியேட்டினின் கூடிய பிறகு டொக்டரிடம் அதைச் சொன்னேன். "அது காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். பிள்ளை பெற்றதாலோ என்றும் கேட்டேன். அதற்கும் அதே பதில். அக்காவிடம் உண்மையைச் சொல்வதென்றால் அந்தப் பதினாறு நாளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் மகளின் முன்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. தாய்மாருக்குத் தேசிக்காய்க் கரண்டி ஓட்டம் வைத்தார்கள். கரண்டியை வாயில் கடித்துக்கொண்டு நானும் ஓடினேன். வரிசைக்கு வெளியே நின்று அக்கா கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது: "பாத்துக்கொள்ளுங்கோ, உது ஓடுறது என்ர கிட்னி!" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவதாக வந்தேன். பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். வார் அழுத்திய இடம் பள்ளமாகக் கிடந்தது. அக்கா குனிந்து என் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி நிரம்பவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னும் என் கால் இப்படித்தான் வீங்கும்.

"நிண்டதாலை வீங்கிட்டுது" என்றேன்.

"ஓம். வெய்யிலும்தானே" என்றார்.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு வந்தார். நடந்தோம். திரும்பி வந்தோம். "சரி, வாறன்" என்று ஸ்கூட்டியை எடுத்தார். அன்றிலிருந்து ஒரு நாள்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்கும்போது பொய் சொல்லவேண்டி இருக்கிறதே என்று எரிச்சற்பட்டவள் நான். இப்போது காலையில் அந்தக் கேள்விக்காகக் காத்து நிற்கிறேன்.

சத்திரசிகிச்சை நடந்த நாளில் ஒவ்வொரு வருடமும் அக்கா எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பூசைக்குக் கொடுப்பார். தொடங்குமுன், பூசை எதற்காக என்று கொடுத்தவர் எழுதிக் கொடுத்த கருத்துக்களை வாசிப்பார்கள். "சகோதரிகள் இருவர், பெற்ற சுகத்துக்கு நன்றியாக" என்று வாசிப்பது வழக்கம். இந்த வருடமும் போன கிழமை இருவரும் ஒரே வாங்கில் அருகருகே இருந்தோம். வாசித்தவர், "சகோதரிகள் இருவர், தங்கையின் உடல்நலம் வேண்டி" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். என்னிடம் கேட்காமல் கடவுளிடம் போய்க் கேட்டிருக்கிறாரே என்று. ஏழு வருடமாக அக்காவோடு நான் ஒரு முறைகூடச் சண்டை பிடித்ததில்லை. மகளுக்கு ஓயாமல் இனிப்பு வாங்கிக் கொடுத்தாலும், என் வீட்டு அலுமாரியைக் கேட்காமல் திறந்து அடுக்கினாலும் வாயைத் திறக்கமாட்டேன். உடம்பில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு எந்த வாயால் கோபிப்பது? அன்றும் கோபிக்கவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது இருவரும் கைகூப்பி, தலை குனிந்து, சமாதானம் என்றோம்.

வெளியே வந்து அக்கா சொன்னது இதுதான்: "பாரை மீன் வந்திருக்காம். வாங்கிக்கொண்டு போவம். உனக்கு உப்புப் போடாமல் புறம்பாக் காய்ச்சிறன்."

இதற்கு முன் அவர் எனக்கென்று ஒரு நாளும் புறம்பாகச் சமைத்ததில்லை.

வீக்கத்தை அவர் பார்த்துவிட்டார். பதினாறு நாளை அவர் அறியமாட்டார். அதையும் சொன்னால் என் மனம் ஆறும். ஆனால் அவர் கொடுத்ததை நானே கெடுத்தேனோ என்ற சந்தேகத்தை அவரும் சேர்ந்து சுமக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், அவர் எதற்காக வேண்டுகிறார் என்பதே தெரியாமல் வேண்டிக்கொண்டிருப்பார்.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது உங்கள் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்து உங்களவர் ஒருவருக்குக் கொடுத்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். சந்தோசமாக இருக்கச் சொல்ல வேண்டாம். அதைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அக்காவின் இடத்தில் இருந்தால், அந்தப் பதினாறு நாளை நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.