எதிர் வீட்டு வயிறு

ஊரார் வயிற்றைப் பற்றி விசாரித்துச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் என்னுடையது. கிராம சுகாதார செவிலி. யாருக்கு வாந்தி, யாருக்கு வயிற்றுப்போக்கு என்று வீடு வீடாகக் கேட்டு போனில் பதிய வேண்டும். கணக்கெடுக்கப் போய் வாசலிலேயே நின்று திரும்பிய எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

தெருவே சுகம்

நாச்சியாபுரம் பக்கம் ஒரு தெரு. கோடையில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்: "எல்லாரும் நல்லா இருக்கோம்." மோர் கொடுப்பார்கள், விவரம் கொடுக்க மாட்டார்கள். நோயாளி இல்லாத தெருவுக்குத் தண்ணீரைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் பூஜ்யம் பூஜ்யமாகப் பதிந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது மருந்துக் கடைக்காரர் சிரித்தார்.

"உங்க போன்ல நோயே இல்லங்கிறீக. என் கடையில பேதி மாத்திரையே இல்ல, எல்லாம் வித்துப்போச்சு!"

எதிர் வரிசை

மறுநாள் வெறுத்துப்போய், மேற்கு வரிசையில் ஒரு அம்மாவிடம், "எதிர் வீட்டிலாவது யாருக்காவது முடியவில்லையா?" என்றேன். மடை திறந்தது. அங்கே கைக்குழந்தை இரண்டு நாளாகத் துவண்டு கிடக்கிறதாம். ஓடினேன். குழந்தைக்குக் கண் குழிந்திருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை. பையிலிருந்த உப்பு சர்க்கரைக் கரைசலை ஊட்டிக்கொண்டே காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம்.

வழியெல்லாம் அந்தத் தாயைத் திட்டினேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை நாத்தனாரைப் பொண்ணு பாக்க வாராக, நர்சம்மா. வீட்டுல வயித்தால போகுதுன்னா எங்க சமையக்கட்டைத்தானே குத்தம் சொல்லுவாக?"

எண்ண முடியாதது

அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் எதிர் வீட்டைப் பற்றியே கேட்டேன். அப்படி மாட்டியவர்தான் கிழக்கு வரிசை தச்சு ஆசாரி. ஒப்புக்கொண்டார். ஆனால் 'ஒரு நாளைக்கு எத்தனை முறை' என்ற கட்டத்தில் எண் போடாமல் போன் அடுத்த கேள்விக்கு நகராது. மூன்று தரம் கேட்டேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மரம்னா அங்குலக் கணக்குச் சொல்லுவேன். இதை எண்ணிக்கிட்டா ஓடுவாக?"

புதுக் குழாய்

எல்லா வீடும் முடிந்த அன்று சாயங்காலம் ஒரு தாளில் தெருவை வரைந்து, நோய் வந்த வீடுகளில் புள்ளி வைத்தேன். புள்ளியெல்லாம் கிழக்கு வரிசை. மேற்கில் ஒன்றுகூட இல்லை. அவர்கள் உண்மையிலேயே நல்லாத்தான் இருந்திருக்கிறார்கள்! தாளை மேலதிகாரிக்கு அனுப்பினேன். ஆள் வந்து தோண்டிப் பார்த்தால், கிழக்கு வரிசைக்குப் போகும் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளே விரிசல் விட்டிருந்தது. அந்த வரிசையில் நான் எத்தனை டம்ளர் மோர் குடித்தேன் என்று விரல்விட்டு எண்ணினேன்.

ஒரே வாரத்தில் புதுக் குழாய் வந்தது, நோய் நின்றது. குழந்தையும் வீடு திரும்பி, என் போனைப் பிடுங்கும் அளவுக்குத் தேறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு மேற்கு வரிசைக்குப் போனால், என்னிடம் துப்புச் சொன்ன அதே அம்மா இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"அவுகளுக்கு மட்டும் புதுக் குழாயா? எங்க வீட்டுலயும் நாலு பேருக்கு வயித்தால போகுதுன்னு எழுதிக்கங்க, நர்சம்மா!"

இல்லை என்று சாதித்தாலும் இருக்கிறது என்று சாதித்தாலும், உண்மை தெரிய நான் தெருவைக் கடந்து எதிர் வாசலில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது.