பூதத்தின் மீது பயறு வீசிய நாள்

ஆரணி பேருந்து நிலையத்தில் சென்னை வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே என் மனைவி மல்லிகா சொல்லிவிட்டாள்: "வந்து பாக்கறேன். அவ்ளோதான். சரின்னு சொல்லுவேன்னு நெனச்சிகினு வராதீங்க."

எங்கள் மகள் சுகந்தி ஜப்பானில், கியோத்தோ நகரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் ஹிரோஷியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகத் தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள். பட்டு நூலுக்குச் சாயம் போடும் எனக்கு அரை மனது. மல்லிகாவுக்கு அதுவும் இல்லை. "நேர்ல வந்து பாருமா. அப்பவும் வேணாம்னா விட்டுடறேன்" என்று மகள் டிக்கெட் அனுப்பியிருந்தாள்.

கன்சாய் விமான நிலையத்திலிருந்து கியோத்தோவுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். பிப்ரவரி முதல் வாரம். வாயைத் திறந்தால் புகை வந்தது.

மறுநாள் மதியம் ஹிரோஷியின் வீட்டுக்குப் போனோம். அவர்கள் குனிந்தார்கள், நாங்கள் கும்பிட்டோம், அவர்கள் மறுபடி குனிந்தார்கள். ஹிரோஷியின் அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார். தேநீர் ஆறுவதற்குள் கடிகாரத்தைப் பார்த்தார், ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மல்லிகாவின் முகம் சிவந்தது. "பொண்ணு வூட்டுக்காரங்க வந்து குந்திகினு இருக்கோம், இவரு பாட்டுக்கு எழுந்து போறாரு. இன்னா மரியாத இது?"

"அவருக்குக் கோயில்ல வேல இருக்குதுமா. வா, நாமளும் போலாம்" என்றாள் சுகந்தி.

ஹிரோஷியும் எங்களோடு வந்தான். தெருக்கோடியில் இருந்தது அந்தச் சின்னக் கோயில். அன்று செட்சுபுன். குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறப்பதற்கு முந்தின நாள். வறுத்த சோயா பயறை வீசிக் கெட்டதை விரட்டுவார்களாம். ஒரு பொட்டலம் முந்நூறு யென். ஆளுக்கொன்று வாங்கினோம். வாயில் போட்டுப் பார்த்தேன். பொட்டுக்கடலையைவிடக் கடினம், உப்பில்லை. அவரவர் வயதுக்கு எத்தனையோ அத்தனை பயறு தின்றால் வருஷம் நன்றாக இருக்கும் என்றாள் சுகந்தி. எனக்கு ஒரு பொட்டலம் போதாது.

"நம்ம போகி மாதிரியா?" என்று மல்லிகா கேட்டாள். வந்ததிலிருந்து அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

மேளம் அதிர்ந்தது. கோயிலின் பின்புறமிருந்து சிவப்பு முகமூடி, கொம்பு, புலித்தோல் உடை, கையில் தண்டாயுதத்தோடு ஒரு பூதம் உறுமிக்கொண்டு ஓடிவந்தது. குழந்தைகள் அலறினார்கள். கூட்டம் கத்தியது: "ஒனி வ சொத்தோ! ஃபுக்கு வ உச்சி!" பூதமே வெளியே போ, நல்லதே உள்ளே வா.

மல்லிகா புடவைத் தலைப்பை ஸ்வெட்டரின் மேல் இழுத்துச் செருகிக்கொண்டாள். முதல் பிடி பயறு பூதத்தின் நெஞ்சில் பட்டது. இரண்டாவது கொம்பில். மதியத்துக் கோபம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் கைதட்டி உற்சாகப்படுத்த, முன்னால் போய் நின்று வீசினாள்.

பூதம் பின்வாங்கியது. சிதறிக் கிடந்த பயறின் மேல் கால் வழுக்கிப் படியில் சாய்ந்து விழுந்தது. முகமூடி கழன்று உருண்டது. உள்ளே ஹிரோஷியின் அப்பா, வியர்வை வழிய, மூச்சு வாங்கிக்கொண்டு.

எல்லோரும் திகைத்து நிற்க, மல்லிகாதான் ஓடினாள்.

"அய்யோ சம்பந்தி! அடி பட்டுச்சா? ஏங்க, ஜல்தியா வாங்க, தூக்குங்க!"

நாங்கள் இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அந்த நிலையிலும் அவர் மல்லிகாவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். பிறகு மகனிடம் ஏதோ கேட்டார். ஹிரோஷி சுகந்தியிடம் கேட்டான்.

"சம்பந்தின்னா இன்னான்னு கேக்கறாருப்பா" என்றாள் சுகந்தி. பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள். நிறுத்தி நிறுத்தி, நீளமாகச் சொன்னாள். ஹிரோஷி அப்பாவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெரியவர் மெதுவாகச் சிரித்து ஏதோ சொன்னார்.

"இத்தன வருஷமா வேஷம் போடறாராம். இவ்ளோ பலமா யாருமே அடிச்சதில்லையாம்" என்றாள் சுகந்தி. மல்லிகா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

ஊர் திரும்பும் நாளில் அவர்கள் குடும்பமே ரயில் நிலையத்துக்கு வந்திருந்தது. ரயில் நகர்ந்து கண்ணுக்கு மறையும்வரை குனிந்தபடியே நின்றார்கள். மல்லிகா கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சித்திரை, வைகாசி வேணாங்க" என்றாள். "நம்ம ஆரணி வெயில அவங்க தாங்க மாட்டாங்க. ஆவணியில வெச்சிக்கலாம்."